பேஸ்மென்ட் அறைக்கு வைஃபை

கனடாவின் மூஸ்ஜா நகரக் கடைவீதியின் பனியில் பட்டுத் தெறித்த மாலை வெயில், வெர்னின் மின்னணுச் சாதனக் கடைக் கண்ணாடி வழியே உள்ளே வருகிறது. எட்டு ஆன்டெனா முளைத்த வைஃபை பெட்டியை லோர்னா முலாம்பழம்போல் கையில் தூக்கி எடை பார்க்கிறாள். "அது வெறும் கொம்பு," என்று வெர்ன் தட்டையான வெள்ளை வட்டு வடிவ வைஃபை கருவி ஒன்றை மேசைமேல் தள்ளுகிறார். "இதுக்குக் கேபிள் இழுத்து பேஸ்மென்ட் கூரையில மாட்டு. நின்னு உழைக்கும்." "போன தடவையும் இதைத்தான் சொன்ன." "போன தடவை அழகா இல்லேன்னு பூந்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சது யாரு?" லோர்னா சிரிக்கவில்லை. டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் கோல்பி, அலுவலக வீடியோ கால் மூன்று முறை அறுந்ததும் அன்றே பெட்டி கட்டிவிட்டான். நெட் ஒழுங்காக இருந்தால் குளிர்காலம் முழுக்க பேஸ்மென்ட் அறையிலிருந்தே வேலை செய்வேன் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனான். லோர்னாவின் விரல் வட்டின் விளிம்பையே சுற்றிச் சுற்றி வருகிறது. "நீ ஒருத்திதானே, இந்தச் சின்ன வட்டே போதும்," என்கிறார் வெர்ன். "இதுலயே பெரிய வட்டைக் கொடு. வீட்டுல ரெண்டு பேர்." வெர்ன் ஒருகணம் அவளைப் பார்க்கிறார். பிறகு பெரிய வட்டு இருக்கும் மேல்தட்டுக்கு ஏணியை நகர்த்துகிறார்.