சொட்டுக்கு அசையாத முள்

அது சித்திரை மாதம், உச்சி வேளை. ஊர்க் குடிநீரை நகராட்சியும் ஒரு கம்பெனியும் கூட்டாக நடத்தத் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. நகராட்சியின் பழைய தெருக்குழாயில் கம்பெனி புதிய மீட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தது.

குழாயின் கசிவைக் குடிக்க வந்த காகத்திடம் மீட்டர், "இந்தக் கசிவு என் முள்ளில் தெரிந்தால் நாளையே ஆள் வந்து அடைத்துவிடுவார், அம்மா," என்றது.

"கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றனவே," என்றது காகம்.

"அடைத்துவிட்டால் பிறகு எனக்குப் பொதுக்குழாய் என்ற பெயர் எதற்கடா, தம்பி?" என்றது குழாய்.

மீட்டர் சற்று யோசித்தது. "மிக மெதுவாகச் சொட்டினால் முள் அசையாது, அண்ணே. அது என் பிறவிக் குணம்."

அன்று முதல் குழாய் மூச்சை அடக்கிக்கொண்டு சொட்டியது.

ஆடி முதல் நாள், பறக்கக் கற்றுவிட்ட மூன்று பிள்ளைகளுடன் காகம் வந்தது. நடப்பது கூட்டு வியாபாரம் என்பதால், குழாயின் தலையில் ஒரு வேப்பம்பழமும் மீட்டரின் தலையில் ஒரு வேப்பம்பழமும் தண்ணீர்க் கட்டணமாகச் செலுத்திவிட்டுச் சென்றது.