எட்டில் தொடங்கும் எண்

"இந்த அட்டை வேணாம் மேடம், மாத்திக் கொடுங்க."

முப்பது வருடம் காத்திருந்து வாங்கிய தாய்லாந்துக் குடியுரிமை அட்டையை, மலைக்கிராமத்து மீச்சூ மறுநாளே அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஏன்க்கா, போட்டோ நல்லா இல்லியா?" என்றாள் அதிகாரி சிரிலக்.

"என் மக நம்பர் ஒண்ணுல ஆரம்பிக்குது. எனக்கு எட்டு. இது அரைக் குடியுரிமைன்னு கடைக்காரர் சிரிக்கிறார். நாளைக்கு பாங்காக்ல அவளுக்குப் பட்டமளிப்பு. சோதனைச் சாவடியில மறுபடியும் என்னை பஸ்ஸவிட்டு இறக்கிட்டா?"

"பொறக்கும்போதே குடியுரிமை உள்ளவங்களுக்கு ஒண்ணு, அப்புறம் வாங்கினவங்களுக்கு எட்டு. உரிமையில வித்தியாசமே இல்ல."

"டவுன்காரங்க நீங்க. சுலபமா சொல்லிடுவீங்க!"

சிரிலக் தன் பர்ஸிலிருந்து சொந்த அட்டையை எடுத்து, மீச்சூவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த எண்ணும் எட்டில்தான் தொடங்கியது. பிறந்த தேதி ஜனவரி ஒன்று. பிறந்த நாள் தெரியாத மலைக்காரர்களுக்கெல்லாம் எழுதிவிடுகிற அதே தேதி. மீச்சூவுக்கும் அதுதான்.

மீச்சூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பன்னெண்டு வருஷமா அந்தச் சாவடியத் தாண்டித்தான் வேலைக்கு வர்றேன். போங்கக்கா, பஸ்ஸப் பிடிங்க" என்றாள் சிரிலக், தங்கள் மலைமொழியில்.