மீனவர்களுக்கு எச்சரிக்கை

"இன்னிக்கு போட்டு போவாது சார். நீங்க கிளம்புங்க."

சவுரிமுத்து சொல்லிவிட்டு, படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கேனை மூடினார்.

கோவளம் மணலில் கலயத்தோடு நின்றிருந்த ஹரிபிரசாத்துக்கு முகம் சுண்டிப்போனது. சிவப்புத் துணியால் வாய் கட்டிய அந்தக் கலயத்தில் இருந்தது அவன் அப்பாவின் அஸ்தி.

"என்ன விளையாடறீங்களா? வாங்கன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப இல்லைன்றேன். வங்கக்கடல்ல காத்தழுத்தம். கடலுக்குப் போவாதீங்கன்னு மீனவருங்களுக்கு வார்னிங் குடுத்துகிறாங்க. நம்பலைன்னா போன்ல பாருங்க."

ஹரி பார்த்தான். செய்தி இருந்தது. மார்கழி மாதத் தாழ்வு மண்டலம், பலத்த காற்று, மீனவர்களுக்கு எச்சரிக்கை. தலைப்பைப் படித்துவிட்டு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கரை முழுக்கப் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. ஊரப்பாக்கத்திலிருந்து வந்தவர்களின் கண்ணுக்குக் கடலும் கோபமாகத்தான் தெரிந்தது.

"அரை மணி நேர வேலைங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

"காசா கேட்டேன்? ரெண்டு நாள் போவட்டும். அப்பால வாங்க."

"எனக்கு இன்னைக்கு ராத்திரி ஃபிளைட்னு போன்லயே சொன்னேனே. கனடா போகணும்."

சவுரிமுத்து எண்ணெய்க் கேனைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். ஹரி பக்கத்துப் படகுக்காரரிடம் போய்க் கேட்டான். அவர் சவுரிமுத்துவை ஒருமுறை பார்த்தார்.

"அவரு இல்லைன்னா இல்லதான் சார்."

ஹரியின் அக்கா வேதாவுக்கும் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. வந்து இறங்கியதுமே, சவுரிமுத்துவின் படகுப் பக்கத்தில் நின்றபடியே, "அக்கா, நீ கரையிலேயே நில்லு. இதுக்கெல்லாம் பொம்பளைங்க போட்ல வரக்கூடாது" என்று ஹரி சொல்லியிருந்தான்.

"வாதம் வந்து படுத்தவரை வருஷக்கணக்கா தூக்கி உட்கார வெச்சவ நான். கடைசியா ஒரு பூ போடக்கூடாதாடா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. நாலு பேர் பார்க்கறாங்க, விடு."

அவளும் விட்டுவிட்டாள். இப்போது தம்பிக்கும் இல்லை, தனக்கும் இல்லை என்று ஆனதில் அழுகை முட்டியது. கொஞ்சமும் வளைந்து கொடுக்காத ஒரு ஆளால் அப்பா இன்னும் கரையேறாமல் கிடக்கிறார்.

கார் கேளம்பாக்கம் தாண்டி வண்டலூர் ரோட்டில் திரும்பும்வரை ஹரி பொருமிக்கொண்டே வந்தான்.

"மழைன்னா போதும், இவங்களுக்கு லீவு. சோம்பேறிங்க."

"மனுஷத்தன்மையே இல்ல" என்றாள் வேதா.

ராத்திரி ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது ஹரி சொன்னான்: "படகுக்காரர்கிட்ட உன் நம்பர் குடுத்திருக்கேன். சித்தப்பா பையன் குமரவேலைக் கூட்டிட்டுப் போ. அவன் கரைச்சிடட்டும். நீ கரையில நின்னுக்கோ."

"சரிடா."

மூன்றாம் நாள் காலையில் சவுரிமுத்துவே வேதாவுக்குப் போன் செய்தார்.

"கடல் நல்லா கீதும்மா. வரீங்களா?"

வேதா குமரவேலுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ததாகவும் நினைவில்லை. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள்.

கரையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சவுரிமுத்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள்.

அலை தாண்டியதும் அவர் என்ஜினை நிறுத்தினார்.

"இங்க போதும்மா. பொறுமையா செய்ங்க."

வேதா துணியை அவிழ்த்தாள். கலயத்தைத் தண்ணீருக்குள் இறக்கிச் சாய்த்தாள். சாம்பல் கொஞ்ச நேரம் மேலே படர்ந்து நின்று, பிறகு கலைந்தது. அப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டும்போது சொல்வதைப் போலவே, "அவ்வளவுதான்பா, முடிஞ்சிடுச்சு" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

சவுரிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் என்ஜினைக் கிளப்பினார்.

கரையில் அவர் மனைவி பேபி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வேதாவுக்குக் கை கால் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டோம்க்கா" என்றாள் வேதா. "அந்தக் காத்துல போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ."

பேபிக்குப் புரியவில்லை. "எந்தக் காத்து?"

"அதான், நாங்க வந்த அன்னைக்கு."

"அன்னிக்கு ஒரு காத்தும் இல்லியே. நீங்க போன பிற்பாடு எல்லா போட்டும் கடலுக்குப் போச்சு. இவருகூட போய் ஒரு கூடை சங்கரா மீன் கொண்டாந்தாரு."

வேதா திரும்பினாள். சவுரிமுத்து குனிந்து படகுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எச்சரிக்கைன்னு போன்லயே போட்டிருந்துச்சே அண்ணா."

"போட்டிருந்தான்மா. அது மன்னார் வளைகுடாவுக்கு. நம்ம பக்கம் இல்ல."

"அப்புறம் ஏன் போகாதுன்னீங்க?"

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு போட்டு போயிருந்தா, நீங்க கரையிலதானம்மா நின்னுகினு இருந்திருப்பீங்க."