உள்ளங்கையில் சோதித்த விளக்கு

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குளியலறையில் ஓர் எல்இடி விளக்கு உண்டு. அது உடம்பின் மேல் மின்னி, அந்த ஒளி பட்டு உள்ளே ரத்தம் எழுப்பும் சத்தத்தைக் கேட்டு, கட்டி இருந்தால் சொல்லிவிடும். அதை மின்னவைக்கும் சர்க்யூட் அடியேன் வடிவமைத்தது. அதன் வேகத்தைப் பார்த்து வானத்து மின்னலே என்னிடம் டியூஷன் கேட்டது என்றால் பாருங்கள்!

விளக்கு சொல்லாமல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடையாது. என் மனைவி சுகந்தியோ, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள். விளக்கு தினமும் "நலம்" என்கிறது.

"உங்க விளக்குக்குக் காது கேக்கலையாங்க?"

கேட்கும். ஆனால் சுகந்தி நல்ல கறுப்பு. கறுத்த தோல் ஒளியை மேலேயே விழுங்கிவிடும். கூடுதல் கரண்ட் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் லேபில் ஆளாளுக்கு உள்ளங்கையை நீட்டித்தான் சோதித்தோம். எவ்வளவு கறுப்பான ஆளுக்கும் உள்ளங்கை வெளுப்புதானே! இந்தக் கரண்ட் போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். விருதுகூடக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் சுகந்தி சிரித்தாள். "அப்ப எனக்குக் கட்டி உள்ளங்கையில வந்திருக்கணும்."

பிறகு என் வலது கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கையிலதான சோதிச்சீங்க? இதுக்காவது தெரியுதா?"

தெரிந்தது. நெல்லிக்காய் அளவு இருந்தது. விளக்கு அப்போதும் "நலம்" என்றது.