தம்பியின் கனம்

ஏரிக்கரையில் எங்கள் ரோமானியப் படை அழிந்த கதையை நாடகமாகப் போட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். மேடையில் நல்ல வெயில், முரசுச் சத்தம். சாவதற்கு முன் வசனம் பேச எல்லோருக்கும் நேரம் இருந்தது. அன்று எங்களுக்கோ நீட்டிய கை தெரியாத மூடுபனி. என் தம்பி காயஸ் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டது மட்டும் கேட்டது. குரல் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடினேன். அவனைத் தோளில் தூக்கி வந்ததாகவும் பாதி வழியில் உயிர் போய்விட்டதாகவும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நாடகக்காரர்கள் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

என் வேடம் போட்டவன் தம்பியைச் சுமந்துகொண்டு மேடையை மூன்று முறை சுற்றினான். அம்மா என் தோளைத் தடவித் தடவி அழுதாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவன் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்பக் கனமா இருந்தானா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான்.

"என்னண்ணே, எங்கிட்ட கேக்குறீங்க? நிஜமா தூக்குனவரு நீங்கதானே?"