கம்பெனி பேர்

"கம்பெனி பேர் சொல்லுங்க மேடம்" என்றாள் செல்போனுக்குள் இருந்த பெண்.

கமலம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

கேமராவில் படாத மூலையில் உட்கார்ந்திருந்த ரூபா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

அதுவரை எல்லாம் ஜோராகத்தான் போனது. ஆதார் கார்டைக் காட்டச் சொன்னபோது காட்டினாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னபோது திருப்பினாள். கதவு எண், தெரு, ஊர் நகரி, பின்கோடு எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. என்ன விற்கப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, குளிக்கிற டவல், எங்கள் தறியில் நெய்தது, சாயம் போகாது, சந்தேகமிருந்தால் வாங்கித் துவைத்துப் பார் என்று அவள் வெளுத்து வாங்கியதில் அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

கம்பெனி பேரில் வந்து மாட்டிக்கொண்டது.

ரூபாவுக்குத் திருப்பதியில் வேலை. சின்னச் சின்ன நெசவுக்காரர்களை ஆன்லைன் சந்தையில் சேர்த்து, வெளிநாட்டுக்கு விற்க வைக்க வேண்டும். யார் யாருக்கோ கூலிக்கு நெய்துகொண்டிருந்த இந்த வீட்டுத் துணி முதல் தடவையாகச் சொந்தப் பேரில் கப்பலேறப் போகிறது. அதற்கு முன்னால் இந்த வீடியோ கால் பாஸாக வேண்டும். ஓனர்தான் பேச வேண்டும், அதுவும் வாயால். பக்கத்திலிருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால் காலி. போன தடவை நடுவில் கரண்ட் போய் எல்லாம் பாழாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்த ரூபா இதற்கு மட்டும் பார்க்கவில்லை. சொந்தக் கம்பெனி பேர் ஒருத்திக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

தெரியாமல் என்ன. நாகபூஷணம் டெக்ஸ்டைல்ஸ். வாசலில் போர்டே தொங்குகிறது. நாகபூஷணம் என்பது கமலம்மாவின் வீட்டுக்காரர்.

கட்டிய நாளிலிருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் 'இந்தாங்க'. மகன் பிறந்த பிறகு 'சுரேசு நைனா'. அந்த மகன் சென்னைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான், கூப்பிடுவது மாறவில்லை. நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினால்கூட 'பிச்சாட்டூருக்கு அந்தாண்ட ஊரு' என்றுதான் டிக்கெட் கேட்பாள். புருஷன் பேரில் பாதி அந்த ஊரில் இருக்கிறதே.

ரூபாவின் அம்மாவும் இப்படித்தான். ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாளே தவிர, பேரைச் சொல்ல மாட்டாள். அதைப் பார்த்து வளர்ந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று ரூபா தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதைவிட அதிகமாக நாகபூஷணத்தைத் திட்டினாள். ஓனர் கமலாவே இருக்கட்டும் என்று தாராளமாகச் சொன்ன மனுஷன், பேர் விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. கமலம் டெக்ஸ்டைல்ஸ் என்று வைத்திருந்தால் எவ்வளவு லட்சணமாக இருந்திருக்கும். என் பேருதான் வெக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாடு அவளுக்கு, பேர் இவருக்கா, என்ன தலைக்கனம் என்று அன்றைக்கே ரூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"கீறேம்மா. அது வந்து... சிவன் கழுத்துல சுத்திக்கினு இருக்கும் பாரு." கமலம்மா கையைப் படமெடுப்பதுபோல் குவித்துக் காட்டினாள். "அது மொதல்ல. அப்பால பொம்பளைங்க போட்டுக்கினு இருப்பாங்களே கழுத்துல, காதுல. ரெண்டையும் சேத்துக்கோ."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரிப்பு போய்விட்டது.

"பேரை நீங்களே சொல்லணும் மேடம். இல்லன்னா ரிஜெக்ட்னு போட்டுருவேன்."

ரூபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேர் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

கமலம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நாகபூஷணம்" என்றாள். "நாகபூஷணம் டெக்ஸ்டைல்ஸ்."

தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். முகமெல்லாம் சிவந்துபோயிற்று, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. ரூபாவுக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எத்தனையோ பேரை ஏற்றுமதிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள், இப்படியொரு துணிச்சலைப் பார்த்ததில்லை.

"ஓகே மேடம், வெரிஃபிகேஷன் முடிஞ்சுது. கங்கிராட்ஸ்."

கமலம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டாள்.

விஷயத்தைச் சொல்ல ரூபா வெளியே வந்தாள். ஆள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று பின்கட்டுக்கு அனுப்பிவைத்த நாகபூஷணம், ஜன்னலுக்கு அடியிலேயே சுவரை ஒட்டி நின்றிருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாஸ் ஆயிட்டோம் பெரிப்பா. இனிமே துணி அனுப்ப வேண்டியதுதான்."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இன்னொரு தபா கூப்ட்டு, பேரு கேப்பாங்களாம்மா?"

பாவம், பயப்படுகிறார் என்று நினைத்தாள் ரூபா.

"இனிமே கேக்கவே மாட்டாங்க பெரிப்பா. இதோட முடிஞ்சுது."

நாகபூஷணத்தின் முகம் சுண்டிப்போனது.

"அவ்ளோதானா?" என்றார்.