ஏழாம் நாள் கூட்டம்

“இதெல்லாம் ஓவியமாடா?”

கண்காட்சிக் கூடத்தின் கதவு உதைபட்டுத் திறந்தது. அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைக்குள் வைத்திருந்தார் கூடத்தை நடத்தும் பெரியவர். உள்ளே பாய்ந்த ஒரு தாடிக்காரனின் முதல் குத்து அவர் வலது கன்னத்தில் இறங்கியது. ஒரு பல் தரையில் தெறித்தது.

மூலையில் நின்ற ஓவியக்காரி அலறினாள். சுவர் முழுக்க அவளுடைய நவீன ஓவியங்கள். ஆறு நாளாக ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இன்று கடைசி நாள். “இன்னிக்கும் யாரும் வரலைன்னா தூரிகையை முறிச்சுப் போட்டுட்டு, அண்ணனோட டைலர் கடையில பட்டன் தைக்கப் போயிடுவேன் ஐயா” என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

தாடிக்காரன் பெரியவரின் காலரைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தான். எதிரே பஸ் நிறுத்தம். நடைபாதையில் தள்ளி, விலாவில் ஓங்கி மிதித்தான்.

“மூணு கண்ணு, காதுல மூக்கு! கேட்டா பொம்பளையாம்! உள்ள போய்ப் பாருங்கய்யா இந்த அநியாயத்தை!”

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முதலில் அடிதடியைப் பார்த்தது. பிறகு அநியாயத்தைப் பார்க்கத் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது.

“விடுடா அவரை, பொறுக்கி!” ஓவியக்காரி கையில் கிடைத்த மரச்சட்டத்தால் அவன் மண்டையில் ஒரே போடு போட்டாள். முகமெல்லாம் ரத்தம் வழிய, சந்துக்குள் பாய்ந்து மறைந்தான் தாடிக்காரன்.

மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பத்திரிகையைப் பிரித்தாள் அவள். முதல் பக்கத்தில் மூன்று கண் ஓவியம்.

“கூட்டம் தாங்கலை ஐயா. இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கச் சொல்றாங்க. ஆனா உங்களை ‘காயமடைந்த ஊழியர்’னு போட்டிருக்கானே, பாவி!”

பெரியவருக்கு அது புதிதல்ல. அவர் கூடத்துச் சுவரில் முதல் படம் மாட்டிய பதினோரு பேர் இன்று பெரிய ஓவியர்கள். ஒருவர் பேட்டியிலும் அவர் பெயர் வந்ததில்லை.

“உன் பேரைத் தப்பில்லாம போட்டானா?”

“போட்டிருக்கான்.”

“இனி பட்டன் தைப்பியா?”

“வரைவேன் ஐயா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்த பெரியவர், செல்போனை வீங்காத பக்கத்துக் காதில் வைத்தார்.

“மாப்ளே, மண்டையில தையல் போட்டாச்சா? அடுத்த கண்காட்சிக்கு இடது பக்கமா குத்துங்க... வலது பக்கம் இனி பல்லே இல்லை.”